இட்டாலிக் சொல்லும் பக்கத்துக் கமாவும்: இரண்டு விதிகளிலும் வேலை பார்த்த அனுபவம்

ஆங்கிலப் பிரதிகளைத் திருத்துவது என் தொழில். அழுத்தம் கொடுக்க ஒரு சொல்லை இட்டாலிக்கிலோ (சாய்ந்த எழுத்து) போல்டிலோ (தடித்த எழுத்து) போட்டால், அதை ஒட்டி வரும் கமாவை என்ன செய்வது? பழைய அச்சு வழக்கப்படி, குறி தனக்கு முன்னால் உள்ள சொல்லின் எழுத்து வடிவத்தையே எடுத்துக்கொள்ளும். அமெரிக்கப் பதிப்பாளர்கள் பின்பற்றும் நடைக் கையேடான சிகாகோ மேனுவல் ஆஃப் ஸ்டைல் 2003இல் வந்த 15ஆம் பதிப்பில் இதை மாற்றியது: சுற்றியுள்ள வாக்கியம் எந்த எழுத்தில் இருக்கிறதோ, குறியும் அதில்தான். பழைய முறையை மாற்று வழியாக மட்டும் வைத்துக்கொண்டது.

இரண்டையும் வருடக்கணக்கில் பின்பற்றியவன் என்ற முறையில், புதிய விதிக்கே என் ஓட்டு. கமா வாக்கியத்தின் சொத்து. அழுத்திச் சொன்ன சொல்லுக்கு அதில் பங்கில்லை. இட்டாலிக் கமாவுக்கும் நிமிர்ந்த கமாவுக்கும் வித்தியாசம் லேசில் தெரியாது, உண்மைதான். ஆனால் போல்டில் அரைப்புள்ளி வந்தால் மை கொட்டியதுபோல் கண்ணில் படும்.

கேள்விக்குறியில்தான் இந்த விதியின் அருமை தெரியும். ‘யூ செட் வாட்?’ என்ற வாக்கியத்தில் ‘வாட்’ மட்டும் இட்டாலிக் என்றால், கேட்பது முழு வாக்கியம். எனவே குறி நிமிர்ந்தே நிற்கும். ஒரு நூலின் தலைப்பே கேள்விக்குறியோடு முடிந்தால் அந்தக் குறி தலைப்பைச் சேர்ந்தது, இட்டாலிக்தான். முழு வாக்கியமும் போல்டில் இருந்தால் அதன் முற்றுப்புள்ளியும் போல்ட். அப்புறம், அடைப்புக்குறி ஒரு பக்கம் சாய்ந்து மறுபக்கம் நிமிர்ந்து நிற்பதை எந்த விதியைச் சொல்லியும் ஏற்க முடியாது. இரண்டும் ஒரே வடிவில் இருக்க வேண்டும்.

புதிய விதியில் ஒரு தொல்லை உண்டு. இட்டாலிக் எஃப் எழுத்தின் கொக்கி வலப்பக்கம் நீண்டு, நிமிர்ந்த அடைப்புக்குறியையோ ஆச்சரியக்குறியையோ இடிக்கும். லேடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில், அழுத்தம் காட்டும் எம்ஃப் கட்டளையைப் பயன்படுத்தினால் தேவையான இடைவெளியை அதுவே சேர்த்துவிடும். கமா, முற்றுப்புள்ளிக்கு முன்னால் மட்டும் சேர்க்காது, அவை வரியின் அடிப்பக்கம் இருப்பதால் இடிப்பதில்லை. வேர்டில் இந்த வசதி இல்லை. அந்த ஓர் எழுத்தைத் தேர்ந்தெடுத்து, ஃபான்ட் பெட்டியின் அட்வான்ஸ்ட் பகுதியில் இடைவெளியை நாமே கொஞ்சம் கூட்ட வேண்டும். அச்சுக்குப் போகும் பிரதி என்றால் நான் தவறாமல் செய்வேன்.

மற்றபடி வேர்டில் வேலை சுலபம். சொல்லின் நடுவில் கர்சரை வைத்து கன்ட்ரோல்-ஐ அழுத்தினால் சொல் மட்டுமே சாயும், கமா தப்பிக்கும். மவுஸை இழுத்துத் தேர்ந்தெடுப்பவர்களிடமிருந்து வரும் பிரதிகளில் கமாவும் சேர்ந்தே சாய்ந்திருக்கும். அதற்கு ஃபைண்ட் பெட்டியில் கமாவைப் போட்டு, ஃபார்மட்டில் இட்டாலிக் என்று குறித்துத் தேடுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றிவிடாதீர்கள். முழுக்க இட்டாலிக்கில் உள்ள தலைப்புகளுக்குள்ளேயும் கமாக்கள் இருக்கும், அவை சாய்ந்தே இருக்க வேண்டியவை.