ஓதம் ஏறும் சுவரில் ஃபோம் ஷீட் ஒட்டாதீர்கள், அட்வான்ஸில் கை வைப்பார்கள்

வாடகை வீட்டுச் சுவரில் செங்கல் டிசைன் போட்ட 3டி ஃபோம் ஷீட் ஒட்டலாம் என்று யாராவது நினைத்திருந்தால், அதுவும் தரைத்தள வீடாக இருந்தால், கொஞ்சம் பொறுங்கள். அந்த ஷீட்டைச் சாக்கு வைத்து எங்கள் 80,000 ரூபாய் அட்வான்ஸில் 38,000 பிடித்தார்கள். விற்றவர் சொன்னது ஒரு பொய். ஓனர் போட்ட கணக்கு அதைவிடப் பெரிய பொய்.

வீடு வடசென்னையில், கொருக்குப்பேட்டையில். 2024 கோடையில் குடி போனோம். அதற்கு முந்தைய டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அந்தப் பக்கமெல்லாம் தண்ணீர் தேங்கிக் கிடந்தது எல்லோருக்கும் தெரியும். ஆனால் நாங்கள் பார்க்கப் போனபோது வீடு பளிச்சென்று இருந்தது, பெயிண்ட் வாசனைகூடப் போகவில்லை. கோடையில் எந்தச் சுவரும் யோக்கியமாகத்தான் இருக்கும். ஐப்பசி மழை பிடித்ததும் ஹால் சுவரில் தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்கு ஈரம் ஏறியது, இதைத்தான் ஓதம் என்பார்கள். அப்புறம் வெள்ளையாக உப்பு பூத்தது, பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழுந்து உதிர்ந்தது. தினமும் காலையில் பெருக்கினால் ஒரு முறம் சுண்ணாம்புத் தூள் வரும்.

போட்டோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "மழைக்காலத்துல அப்டித்தாம்மா இருக்கும், எல்லா வீட்லயும் இருக்கு" என்று வாய்ஸ் மெசேஜ் போட்டார். பங்குனியில் சுவர் கொஞ்சம் காய்ந்தது. உதிர்ந்ததை மறைக்க ஏதாவது ஒட்டிக்கொள்ளலாமா என்று கேட்டேன். "வீடு அழகா இருந்தா எனக்குத்தான நல்லது, தாராளமா பண்ணிக்கம்மா" என்றார்.

ஷீட் விற்ற கடைக்காரர் வீட்டுக்கே வந்து சுவரைப் பார்த்தார். ஈரம் இருந்த இடம் என்று நானே காட்டினேன். "வாட்டர்ப்ரூஃப்க்கா இது. ஒரு சொட்டு வெளிய வராது. காலி பண்றப்போ அப்டியே உரிச்சிக்கினு அடுத்த வீட்ல ஒட்டிக்கலாம்" என்று சொல்லி, ஷீட்டும் கூலியுமாக 4,600 வாங்கிக்கொண்டு போனார்.

ஒரு சொட்டு வெளியே வராது என்றது உண்மைதான். அதுவே வினையானது. எங்கள் சுவரில் ஈரம் மழைச் சாரலால் வரவில்லை. நிலத்தடி ஈரம் செங்கலும் பூச்சும் வழியாக விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல மேலே ஏறும். பழைய வீடுகள் பலவற்றில் அஸ்திவாரத்துக்கு மேல் ஈரத்தைத் தடுக்கும் அடுக்கே இருக்காது. ஏறிய ஈரம் சுவர் வழியாக ஆவியாகும், கூட வந்த உப்பு வெளியே பூக்கும். பார்க்க அசிங்கம், ஆனால் சுவர் மூச்சு விடுகிறது. அதன்மேல் ஃபோமைப் பசையோடு ஒட்டினால் ஆவி போக வழியில்லை. ஈரம் ஷீட்டைத் தாண்டி இன்னும் மேலே ஏறப் பார்க்கும். உள்ளே பூஞ்சை பிடிக்கும். எங்கள் ஹாலில் அடுத்த மழைக்காலத்தில் வந்த நாற்றத்துக்கு எலி செத்துக் கிடக்கிறது என்று நினைத்து பீரோவையெல்லாம் நகர்த்தித் தேடினோம்.

காலி செய்யும்போது ஷீட்டை உரித்தால், பெயிண்ட், பட்டி, சில இடத்தில் சிமெண்ட் பூச்சு எல்லாம் சேர்ந்து கையோடு வந்தது. பின்னால் கன்னங்கரேல் என்று பூஞ்சை. ஓனர் வந்து பார்த்தார். "இன்னாம்மா, செவுத்தையே நாசம் பண்ணி வச்சிக்கிறீங்க? நல்ல செவுரும்மா இது!" அந்த "நல்ல செவுரு" என்ற வார்த்தையை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. ஓதம் கட்டடத்தின் நோய். ஆனால் அதன்மேல் நாம் எதையாவது ஒட்டிவிட்டால் அந்த நிமிடமே அது நம் ஓதம் ஆகிவிடுகிறது.

பிடித்தம் எப்படி என்றால், அக்ரிமெண்டில் எழுதியபடி பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை 11,000. அதற்கு மேல் சுவர் வேலைக்கு 27,000, பில் கிடையாது, ஒரு துண்டுச் சீட்டு. அதில் மூன்று ரூமுக்கும் பெயிண்ட் என்று மறுபடியும் இருந்தது! நாங்கள் ஒட்டியது ஹாலில் ஒரே ஒரு சுவரில்.

என் தம்பி சொல்லித்தான் சட்டத்தைப் பார்த்தோம். தமிழ்நாட்டில் நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பற்றிய 2017 ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடப்பில் இருக்கிறது. அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது, ஆனால் இருவரும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் சரி என்று ஒரு வாசலையும் திறந்து வைத்திருக்கிறது. சென்னையில் எல்லோரும் அந்த வாசல் வழியாகத்தான் போகிறார்கள். காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியைத் தந்துவிட வேண்டும். கட்டடத்தின் அடிப்படைப் பழுதும் சுவருக்கு வெள்ளையடிப்பதும் ஓனர் பொறுப்பு, வாடகைதாரர் உண்டாக்கிய சேதம் நீங்கலாக. ஆனால் பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை என்று எங்கள் அக்ரிமெண்டிலேயே எழுதியிருந்தது.

அதனால் 11,000 பற்றி நாங்கள் பேசவில்லை. பழைய போட்டோவையும் வாய்ஸ் மெசேஜையும் ஓனருக்கே திருப்பி அனுப்பி, வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கப் போகிறோம் என்று என் கணவர் அமைதியாகச் சொன்னார். ஒரு வாரம் பதில் இல்லை. பிறகு 15,000 திரும்பி வந்தது. மீதி 12,000 ரூபாய்க்கு அலைய எங்களுக்குத் தெம்பில்லை, விட்டுவிட்டோம். கடைக்காரரோ, "செவுரு சரியில்லன்னா ஷீட் இன்னாக்கா பண்ணும்" என்று கேட்டுவிட்டு போனை வைத்தார். அன்றைக்கு வந்து தடவிப் பார்த்ததும் இதே சுவரைத்தான்.

வீட்டை அழகாக வைக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. சுவரைத் தொடாமல் செய்துகொள்ளுங்கள். ஏற்கெனவே இருக்கும் ஆணியிலும் திரைக் கம்பியிலும் துணியைத் தொங்கவிடலாம், பிரம்பு ஷெல்ஃப் நிறுத்தலாம், கோரைப்பாய் விரிக்கலாம். ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றால் முதலில் சுவரை உள்ளங்கையால் அழுத்தித் தேயுங்கள். மாவு மாதிரி ஒட்டினால் அது சுண்ணாம்போ மலிவு டிஸ்டம்பரோதான், எந்த ஸ்டிக்கரை உரித்தாலும் பெயிண்டும் கூடவே வரும். கையில் எதுவும் ஒட்டாத எமல்ஷன் சுவராக இருந்தாலும், பெயிண்ட் அடித்து ஒரு மாதமாவது ஆகியிருக்கட்டும். அடுப்புப் பக்கம் ஃபோம் ஷீட் வேண்டவே வேண்டாம், அது தீப்பிடிக்கும் சரக்கு. டைல்ஸில் துளை போடாதீர்கள், அதற்கு வைத்தியமே இல்லை. குடி போகும் நாளில் ஒவ்வொரு சுவரையும் வீடியோ எடுத்து ஓனருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள். உங்கள் போனில் மட்டும் இருந்தால் பாதி பலன்தான். ஓனரின் சம்மதத்தையும் எழுத்தில் வாங்குங்கள். எனக்கு ஒட்டிக்கொள்ளச் சொன்னது வாய் வார்த்தை, பிற்பாடு அவர் அப்படிச் சொன்னதாகவே ஒப்புக்கொள்ளவில்லை.

போன மாதம் ஒரு புரோக்கர் அனுப்பிய போட்டோக்களில் அந்த வீடு இருந்தது. வாடகை 13,500 ஆகியிருக்கிறது. ஹாலில் அதே சுவர் முழுக்க புதிதாக வெள்ளைச் செங்கல் ஷீட், இந்த முறை ஓனர் செலவில். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கம் தரைத்தள வீடு பார்க்கப் போகிறவர்கள், சுவரில் ஷீட் இருந்தால் கீழ் ஓரத்தை நகத்தால் கொஞ்சம் தூக்கி உள்ளே விரல் வைத்துப் பாருங்கள். ஜில்லென்று இருந்தால் டோக்கன் அட்வான்ஸ் கொடுக்காமல் வந்துவிடுங்கள்.