குரூப்ல சல்லியம் பண்றவங்கள சமாளிக்கிறது: பல வருசமா அட்மினா இருந்த அனுபவம்

மார்த்தாண்டம் பக்கம் தேன்பெட்டி வச்சிருக்கவங்க, கொஞ்சம் ரப்பர் உள்ளவங்க எல்லாம் சேந்து ஒரு வாட்ஸ்அப் குரூப் ஓடிட்டிருக்கு, அதுல இருக்க அட்மின்கள்ல நானும் ஒருத்தன். ஒரு குரூப்ல 256 பேருக்கு மேல சேக்க முடியாதுன்னு இருந்த காலத்துல தொடங்கினது, 2022ல அது 512 ஆச்சு, அந்த வருசமே 1024 ஆச்சு, எங்களுக்கும் ஆள் கூடிச்சு, ஆள் கூடக்கூட சல்லியமும் கூடிச்சு. எந்த செட்டிங் உதவிச்சு எது சும்மா பேருக்குத்தான்னு அடிக்கடி யாராவது கேக்கறாங்க, அதனால எழுதிப் போட்டுடறேன். நடுவுல டெலிகிராம்லயும் ஒரு குரூப் நடத்திப் பாத்தாச்சு, அதையும் சேத்தே சொல்றேன்.

காலையில ரோஜாப்பூ படம் போடற அண்ணாச்சிமாரப் பத்தி எல்லாரும் பெருசா கொறப்படுவாங்க. என் கணக்குல அவங்க பிரச்சினையே இல்ல. ரிட்டயர் ஆன மனுசன், அஞ்சரைக்கு முழிச்சா வேற யாருகிட்ட வணக்கம் சொல்லுவாரு. ஒரு போன் போட்டு "மாமா, அதுக்குன்னு தனியா ஒரு குரூப் போட்டிருக்கேன், அங்க போடுங்க"ன்னா செரின்னு கேட்டுக்குவாரு, மறந்து மறுபடி போட்டாலும் யாருக்கும் வலிக்காது. அதுக்குப் போயி ஆள நீக்குற அட்மின்கள நான் பாத்திருக்கேன், அது தேவையில்லாத ரோஷம்.

உண்மையான சல்லியம் வெவரம் தெரிஞ்ச ஆளுகிட்ட இருந்துதான் வரும். எங்க குரூப்ல ஒருத்தர் இருக்காரு, தேனீ பத்தி அவருக்குத் தெரியாதது கொஞ்சம்தான். ரப்பர் இலை உதிர்ந்து தளிர் வரும்போது தேன் ஊறுறது பூவுல இல்ல, தளிர் இலையோட காம்புலன்னு புதுசா வந்தவங்களுக்கு அவரு சொல்லிக் குடுத்த மாதிரி யாரும் சொல்லல. ஆனா அவரு வாயில இருந்து ஒரு பதில் வந்தா கூடவே ஒரு குத்தலும் வரும். ஒருதடவ குலசேகரம் பக்கத்துல இருந்து ஒரு அக்கா ஒரு தேனடை போட்டோ போட்டாங்க, புழு எல்லாம் தலைய மேல தூக்கிட்டு செத்துக் கெடக்கு, தொட்டா தண்ணிப்பை மாதிரி இருக்கு, இது என்னன்னு கேட்டாங்க. பழைய ஆளுகளுக்குப் பாத்த ஒடனே தெரியும், அது சாக்ப்ரூட், தொண்ணூறுகளோட தொடக்கத்துல இங்க வீடு வீடா பெட்டிய காலி பண்ணின அதே வைரஸ் நோய். இவரு என்ன எழுதினாருன்னா, "பெட்டிய தொறந்து பாக்கவே தெரியாதவங்களுக்கு எதுக்கு இந்த வேல, வித்துட்டு கோழி வளத்துங்க". அதுக்கு நாலு பேரு சிரிக்கிற ஸ்மைலி வேற. அந்த அக்கா அஞ்சு நிமிசத்துல போட்டோவ அழிச்சிட்டாங்க, நோய் பேரு சொல்லலாம்னு ஒருத்தர் டைப் பண்ணி முடிக்கும்போது கேள்வியே அங்க இல்ல.

பொறவு ரெண்டு மூணு வாரம் கழிச்சு பாத்தா அவங்க குரூப்லயே இல்ல. இது எனக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னா, 2022ல இருந்து வாட்ஸ்அப்ல ஆள் வெளிய போனா அட்மினுக்கு மட்டும்தான் காட்டும், மத்தவங்களுக்கு அந்த வரி வராது, ஆனா குரூப் விவரத்துல கீழ போனா கடைசி 60 நாள்ல போனவங்க லிஸ்ட் இருக்கும். நான் மாசத்துக்கு ஒருக்கா அந்த லிஸ்ட பாக்குறேன், அட்மினா இருக்கவங்க எல்லாரும் அத ஒண்ணு பாருங்க. சண்ட போடறவன் ஒருத்தனும் அதுல இருக்க மாட்டான், ஒழுங்கா கேள்வி கேட்டவங்க, எப்பவாவது வந்து நல்ல பதில் சொன்னவங்க, அதுலயும் பொம்பளைங்க, அவங்க பேருதான் கெடக்கும். குரூப்ல சத்தம் எவ்வளவுங்கறத வச்சு நெலமய முடிவு பண்ணாம, இந்த லிஸ்ட வச்சு முடிவு பண்ண ஆரம்பிச்ச பொறகுதான் யாருகிட்ட பேசணும்னு எனக்குத் தெளிவாச்சு.

சரி, பேசறது எப்படி. குரூப்லயே வச்சு "இப்படி எழுதாதீங்க"ன்னு சொல்றது ஆகவே ஆகாது. பந்தியில ஒருத்தர எல்லாரு முன்னாடியும் எழுந்திரின்னு சொன்னா அவரு சும்மா எழும்புவாரா, எலைய மடக்கிட்டு வம்புக்குத்தான் நிப்பாரு. மெசேஜ அழிச்சாலும் அதே கததான், அட்மின் எல்லாருக்குமா அழிக்கிற வசதி 2022ல வந்துச்சு, நல்ல வசதிதான், ஆனா அழிச்ச எடத்துல எந்த அட்மின் அழிச்சதுன்னு பேரோட நிக்கும். ஒடனே பேச்சு தேனீய விட்டுட்டு என் மேல திரும்பிடும், "கருத்து சொல்ல உரிமை இல்லியா"ன்னு அடுத்த ஒரு மணி நேரம் போவும். அதனால விளம்பரம், ஆபாசம் இந்த ரெண்டுக்கு மட்டும் அழிக்கிறேன், குத்தல் பேச்சுக்கு அழிக்கிறதில்ல.

போன்தான். மெசேஜ் இல்ல, போன். அதுவும் அன்னைக்கு ராத்திரி வேண்டாம், மறுநாள் சாயா குடிச்ச பொறவு. "அண்ணே, நீங்க சொன்னது சரி, சொன்ன விதத்துல அந்த அக்கா ஓடிப் போயிட்டாங்க, இனி அவங்க பெட்டி செத்தா பக்கத்துல உள்ளவங்களுக்கும் பரவுமில்லா"ன்னு சொன்னேன். மொதல்ல "நான் தமாசுக்கு சொன்னேன் மக்கா"ன்னாரு, இது எல்லாரும் சொல்றதுதான். அவருக்கு நான் ஒரு வேல குடுத்தேன், நோய் போட்டோ யாரு போட்டாலும் மொதல் பதில் நீங்கதான் சொல்லணும், பேரு, என்ன செய்யணும், அவ்வளவுதான்னு. முழுசா மாறிட்டாருன்னு சொல்ல மாட்டேன். இப்பவும் ரப்பர் வெல பேச்சு வந்தா கோட்டயம் ரேட்டையும் இங்க கடையில குடுக்குற ரேட்டையும் வச்சு யாரையாவது வாட்டுவாரு. ஆனா நோய் போட்டோவுல அவரு குத்தறதில்ல, பேச்ச விட்டு ஆளத் தொட மாட்டேங்கறாரு. எனக்கு அது போதும்.

இந்த போன் வழி எல்லாருகிட்டயும் நடக்காது, அதையும் சொல்லணும். ஒரு பையன் இருந்தான், கோவமே அவனுக்கு பொழுதுபோக்கு, போன் பண்ணினா நம்ம பேசினத ரெக்கார்டு பண்ணி குரூப்லயே போட்டான். அப்படிப்பட்டவனுக்கு நீக்குறத தவிர வேற வழி இல்ல, காரணம் ஒரே வரியில போட்டுட்டு நீக்கணும், பொறவு அத பத்தி விவாதமே கூடாது. நீக்கின கையோட இன்வைட் லிங்க்க மாத்திடுங்க, புதுசா வர்றவங்களுக்கு அட்மின் அனுமதி வேணும்னு வச்சிடுங்க, இல்லன்னா வேற நம்பர்ல அன்னைக்கே வந்து நிப்பான். ஷேர் மார்க்கெட்ல காச ரெட்டிப்பாக்கித் தர்றேன்னு சொல்ற கூட்டமும் இந்த அனுமதி வச்ச பொறகு அனேகமா நின்னுபோச்சு. அதுல யாராவது காச விட்டிருந்தா குரூப்ல பொலம்பிட்டு இருக்காம ஒடனே சைபர் மோசடி புகார் நம்பர் 1930க்கு அடிக்கச் சொல்லுங்க, அதுல தாமதம் ஆகவே கூடாது.

டெலிகிராம் பத்தி. கருவியா பாத்தா அதுதான் கொள்ளாம். ஒரு ஆள மட்டும் ஒரு நாளோ ஒரு வாரமோ எழுத முடியாம வைக்கலாம், படிக்கலாம், எழுத முடியாது. ஸ்லோ மோட்னு ஒண்ணு 2019ல வந்துச்சு, ஒருத்தர் ஒரு மெசேஜ் போட்டா அடுத்தத போட நாம வைக்கிற நேரம், ஒரு மணி நேரம் வரைக்கும், காத்திருக்கணும். பதினஞ்சு நிமிசம் வச்சு பாத்தோம், சண்ட அப்படியே வத்திப்போச்சு, ஏன்னா பதினஞ்சு நிமிசம் கழிச்சு அதே கோவத்தோட எழுத யாராலயும் முடியல, எழுதினவங்களும் கொஞ்சம் நிதானமா நீட்டி எழுதினாங்க. அழிச்சா அழிச்ச தடமே இருக்காது, அட்மின்களுக்கு மட்டும் 48 மணி நேரம் யாரு என்ன செஞ்சாங்கன்னு பதிவு தெரியும். எல்லாம் சரி, ஆனா எங்க ஆளுக வரல. தேன் எடுக்குற பெரியவங்க போன்ல வாட்ஸ்அப் மட்டும்தான் இருக்கு, டெலிகிராம்னா "சினிமா எறக்குறதுதானே"ன்னு கேக்காங்க. கடைசியில எளவட்டங்க மட்டும் அங்க, அனுபவம் எல்லாம் இங்க.

மத சம்பந்தமான பார்வர்டுக்கு எங்க குரூப்ல ரெண்டாவது வாய்ப்பு கெடையாது. வெளியூர் நண்பர் ஒருத்தர் இது ரொம்ப கடுமைன்னாரு. 82ல இந்து, கிறிஸ்தவங்களுக்கு நடுவுல நடந்த மண்டைக்காடு கலவரத்த கண்ணால பாத்தவங்க எங்க குரூப்ல இருக்காங்க, ரெண்டு பக்கத்துலயும், அவங்க ஒண்ணா ஒக்காந்து தேன் வெல பேசறாங்க, அத கெடுக்க ஒரு படம் போதும். இதுல மட்டும் போன், தமாசு, வாய்ப்பு ஒண்ணும் இல்ல.

மழை நேரம் வேற தலவலி. நாலு தூறல் பலமா விழுந்தா போதும், பேச்சிப்பாறை அணையில தண்ணி தொறந்தாச்சு எல்லாரும் ஓடுங்கன்னு தேதியும் இல்லாத பேரும் இல்லாத ஒரு வாய்ஸ் வந்துடும். ஒக்கி புயல் வந்த 2017 நவம்பர்ல பார்வர்டுன்னு காட்டுற அடையாளம் கூட வாட்ஸ்அப்ல கெடையாது, அது 2018ல வந்ததுதான், அந்த வருசமே இந்தியாவுல ஒருக்கா அஞ்சு பேருக்கு மேல அனுப்ப முடியாம ஆக்கினாங்க. இப்ப எங்க சட்டம், பல கை மாறி பார்வர்டு ஆனதுன்னு காட்டுற ரெட்ட அம்புக்குறி உள்ள வாய்ஸ் போட்டா யாருகிட்ட கேட்டு உறுதி பண்ணினீங்கன்னு போட்டவரே எழுதணும், இல்லன்னா அவரே அழிக்கணும். மழை ரொம்ப மோசமா இருக்க நாள்ல அட்மின் மட்டும் எழுதற மாதிரி மாத்திடுவோம், கலெக்டர் ஆபீஸ் அறிவிப்பு மட்டும் வரும்.

அட்மினா இருக்க பயப்படறவங்களுக்கு ஒண்ணு. 2021 டிசம்பர்ல சென்னை ஹைகோர்ட்டோட மதுரைக் கிளை ஒரு வழக்குல, வெறும் அட்மினா இருந்தத தவிர வேற ஒண்ணும் செய்யலன்னா வழக்குல இருந்து அவரு பேர எடுத்துடணும்னு சொல்லிச்சு, 2022ல கேரள ஹைகோர்ட்டும் உறுப்பினர் போட்டதுக்கு அட்மின் பொறுப்பில்லன்னு சொல்லிச்சு. அதுக்காக நீங்களும் சேந்து பார்வர்டு பண்ணினா அது உங்க தலையிலதான்.

இப்ப எங்க குரூப்ல ராத்திரி பத்துல இருந்து காலையில ஆறு வரைக்கும் பூட்டு, சண்டையில பாதி ராத்திரி பத்து மணிக்கு மேல தொடங்குறதுதான், ஏன்னு உங்களுக்கே தெரியும். பூட்டவும் தொறக்கவும் ஒரு அட்மின் கையாலதான் செய்யணும், எங்களுக்கு அத ரப்பர் பால் வெட்டப் போற ஒரு அண்ணன் பாத்துக்கறாரு, எப்படியும் நமக்கு முன்னாடி முழிக்கிறவரு. ஒரு ஆள மட்டும் ஒரு நாளைக்கு வாய் மூட வைக்கிற வசதி என் வாட்ஸ்அப்ல இன்னும் வரல, அது வந்துட்டா டெலிகிராம் குரூப்ப அன்னைக்கே மூடிடுவேன்.