மார்க்கெட்டை இடிக்கவா, பழுதுபார்க்கவா, ஊருக்கு வெளியே அனுப்பவா?

பாளையங்கோட்டை காந்தி மார்க்கெட்டில் ஆச்சியின் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்து வளர்ந்தவன் நான். பொங்கலுக்கு முந்தின வாரம் அங்கே சிறுகிழங்கு மண்ணோடு குவிந்து கிடக்கும். ஆச்சி ஒன்றை எடுத்து நகத்தால் சுரண்டிப் பார்ப்பாள், உள்ளே வெள்ளையாக இருந்தால்தான் விலையே கேட்பாள்.

2017-இல் திருநெல்வேலி ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் இடம்பிடித்தது. அப்புறம் இந்த மார்க்கெட்டையும் டவுன் போஸ் மார்க்கெட்டையும் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டும் வேலை வந்தது. நாளை எந்த ஊர்ச் சந்தைக்கும் இதே பேச்சு வரலாம், அதனால் மூன்று வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் ஊருக்கு வெளியே அனுப்புவது. சென்னையின் பழைய மொத்தச் சந்தையான கொத்தவால் சாவடியின் குறுகலான தெருக்களில் லாரி நுழைய முடியாமல் திணறியது, 1996-இல் கோயம்பேட்டில் சுமார் 295 ஏக்கரில் புது வளாகம் திறந்தார்கள், மொத்த வியாபாரம் அங்கே போனது. அது சரியான முடிவு. ஆனால் திருச்சியில் 2017-இல் கள்ளிக்குடியில் சந்தை கட்டித் திறந்தும் அந்த ஊர் காந்தி மார்க்கெட் வியாபாரிகள் அங்கே போகவில்லை. நம் ஊரில் மொத்தக் காய்கறி ஏற்கெனவே நயினார்குளம் மார்க்கெட்டில் தனியாகத்தான் இறங்குகிறது. மிச்சம் இருப்பது சில்லறை, டவுன் பஸ்ஸில் பையோடு வந்து காய் வாங்கி, பக்கத்திலேயே பலசரக்கும் பூவும் வாங்கிப் போகிற கூட்டம். அவர்களைப் பைபாஸுக்கு வரச் சொல்வதில் எனக்குத் துளியும் உடன்பாடு இல்லை.

அடுத்தது பழுதுபார்ப்பது. பழைய கட்டடத்தைப் பார்த்தாலே எனக்கு மனசு இந்தப் பக்கம்தான் சாயும். உயரமான கூரை, காற்று, வெயிலில் காய் வாடாத நிழல். ஆனால் காலம் கடத்தினால் இதுவும் கையைவிட்டுப் போகும். மைசூர் தேவராஜா மார்க்கெட்டில் 2016-இல் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு பகுதி இடிந்து விழுந்தது, அப்புறம் இடிப்பதா காப்பதா என்று வருஷக்கணக்கில் இழுபறி. சுவர் விரிசலைச் சரிசெய்துவிடலாம். தரைதான் பெரிய பிரச்சினை. ரோட்டின் மேல் ரோடு போட்டுப் போட்டு வெளியே உயர்ந்துவிடும், உள்ளே பள்ளமாகிவிடும், ஐப்பசி மழைக்குக் கடைக்குள் கணுக்கால் தண்ணீர் நிற்கும். 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

மூன்றாவது, அதே இடத்தில் இடித்துக் கட்டுவது. சாக்கடை, கழிப்பறை, வண்டி நிறுத்தம் எல்லாம் முறையாக வரும். அதுவும் கடையில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் பெண்களுக்குக் கழிப்பறை எவ்வளவு பெரிய விஷயம் என்று அவர்களிடம் கேட்டால்தான் தெரியும். பயம் வேறு இரண்டு. ஒன்று மாடி. கீரையும் வாழை இலையும் விற்கிற ஓர் அக்காவிடம் மாடியில் கடை கொடுத்தால் போவீர்களா என்று கேட்டேன். இலைக்கட்டைப் பிரித்துத் தண்ணீர் தெளித்துக்கொண்டே சொன்னார்கள், “மாடி ஏறி வெண்டைக்கா வாங்க யாரு தம்பி வருவா?” இன்னொன்று தரைக்கடை. நிரந்தரக் கடைக்காரருக்கு வாடகை ரசீது இருக்கிறது, புதுக் கட்டடத்தில் இடம் கேட்கலாம். சாக்கு விரித்துக் கூறு கட்டி விற்பவருக்கு என்ன காகிதம் இருக்கிறது? வேலை முடிகிற வரை எங்கேயோ தற்காலிகக் கொட்டகை, அதற்குள் வாடிக்கை கலைந்துவிடும், திரும்பி வந்தால் வாடகை கூடியிருக்கும்.

என்னைக் கேட்டால், சுவர் உறுதியாக இருந்தால் பழுதுபார்ப்பு, இல்லையென்றால் அதே இடத்தில் இடித்துக் கட்டுவது. ஆனால் காய், மீன், பூ எல்லாம் தரைத்தளத்தில்தான் இருக்க வேண்டும். மாடியை தையல்காரர், பாத்திரக் கடை, சரக்கு வைக்கிற கிட்டங்கி என்று கொடுக்கலாம். தரையை ரோட்டைவிட ஓர் அடியாவது தூக்கி, தள்ளுவண்டி ஏற சரிவு வைக்க வேண்டும். முதல் சுவரை இடிப்பதற்கு முன்னாலேயே, விடியற்காலையில் போய்த் தரைக்கடைக்காரர்களைக் கணக்கெடுத்துப் போட்டோவோடு அட்டை கொடுத்துவிட வேண்டும். பத்து மணிக்குப் போனால் பாதிப் பேர் விற்று முடித்துவிட்டு ஊர் பஸ் ஏறியிருப்பார்கள்.