அக்டோபர் இருளில் சீடர் பாயின்ட்

அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில், ஈரி ஏரிக்குள் நீண்டு கிடக்கும் நிலத்துண்டில் அமைந்துள்ள சீடர் பாயின்ட் பூங்காவின் ரோலர் கோஸ்டர்களை, 1997 முதல் அங்கு கொண்டாடப்பட்டுவரும் ஹாலோவீன் என்னும் பேய்த் திருவிழாப் பருவத்தில், நன்றாக இருட்டிய பிறகே ஏறிப் பார்க்க வேண்டும் என்பேன்.

2000ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட மில்லேனியம் ஃபோர்ஸின் உயரம் 310 அடி. வழக்கமான சங்கிலிக்குப் பதிலாகக் கம்பிவடம் இழுப்பதால், பெட்டிகள் கடகடவென்ற ஓசையின்றி விரைவாக மேலேறிவிடுகின்றன. உச்சியிலிருந்து பார்த்தால் ஏரி வெறும் கருமையாகத் தெரிகிறது. அடுத்த நொடி மணிக்கு 93 மைல் வேகத்தில் இறங்கும்போது, குளிர்காற்றில் கண்ணீர் பெருகிக் காதுவரை ஓடுகிறது. கையுறை அவசியம், கைப்பிடிக் கம்பி பனிக்கட்டியாய்ச் சில்லிட்டிருக்கும்.

ஆயினும் என் தேர்வு ஸ்டீல் வெஞ்சென்ஸ்தான். 1991இல் எழுப்பப்பட்ட மீன் ஸ்ட்ரீக் என்னும் மரக் கோஸ்டரின் சட்டகத்தில் எஃகுத் தண்டவாளம் பொருத்தி, 2018இல் இதைத் திறந்தார்கள். செங்குத்தான 200 அடி வீழ்ச்சிக்குப் பிறகு, மரச்சட்டங்களுக்கிடையே புகுந்து புறப்படும் ஒவ்வொரு மேட்டிலும் உடல் இருக்கையை விட்டு எழும்புகிறது. அடுத்த வளைவு எந்தப் பக்கம் என்று இருளில் ஊகிக்கவே முடிவதில்லை. அதன் முன்னே பேய் வீடுகள் எனக்குச் சிறுபிள்ளை விளையாட்டாகவே பட்டன. கூடுமானால் சனிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள்; வரிசை மிக நீளும்.