மணலி சாலை பெட்ரோல் பங்க்: நூறு ரூபாய்க்காரன் சொல்வது

காசிமேட்டில் மீன் எடுத்து மணலி வரை வீடு வீடாகக் கொடுப்பவன் நான். என் எக்ஸ்எல் வண்டியின் தொட்டியை ஒருநாளும் நிறைத்ததில்லை. நூறு ரூபாய்க்குத்தான் போடுவேன். 2017இலிருந்து இந்தப் பங்க்தான்.

காரணம் அளவு. காலையில் இருக்கும் பெண், "அண்ணா, ஜீரோ பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லாமல் குழாயைத் தொடுவதில்லை. ஒருமுறை சந்தேகப்பட்டு ஐந்து லிட்டர் அளவுக் கலனில் பிடித்துக் காட்டச் சொன்னேன். முகம் சுளிக்காமல் காட்டினார்கள்; கோட்டில் சரியாக நின்றது. இப்படிக் கேட்க யாருக்கும் உரிமை உண்டு. முன்பு போன வேறொரு பங்க்கில் கேட்டதற்கு, நூறு ரூபாய்க்கு இவ்வளவு பேச்சா என்றார்கள்.

விலைக்காக இவர்களைப் பாராட்டவும் முடியாது, திட்டவும் முடியாது. முன்பெல்லாம் மாதம் இருமுறை விலை மாறும். ஏறப்போகிறது என்று தெரிந்தால் நள்ளிரவுக்குள் போட்டுவிட வரிசை சாலை வரை நிற்கும். 2017 ஜூன் 16 முதல் தினமும் காலை ஆறு மணிக்கு மாற்றம் என்றானது. வரிசை ஒழிந்தது. பைசா பைசாவாக ஏறியது எனக்கு உறைக்கவே இல்லை, நான் கொடுப்பது அதே நூறுதானே! குறைந்தது பெட்ரோல். 2021 ஜூலையில் சென்னையில் லிட்டர் நூறைத் தாண்டியபோதுதான், ரசீதில் லிட்டர் கணக்கு சைபரில் தொடங்கியதைக் கண்டு விழித்தேன். 2022 ஏப்ரலில் 110.85. நூறு ரூபாய்க்கு 902 மில்லி! மே மாதம் மத்திய அரசு கலால் வரியில் எட்டு ரூபாய் குறைத்ததும் 102.63. பிறகு 2024 மார்ச்சில் இரண்டு ரூபாய் குறையும் வரை பலகையில் அதே எண்தான். தினசரி மாற்றமாம்.

பங்க்கில் நின்றால் மணலி சுத்திகரிப்பு ஆலையின் சுடர் தெரியும். அண்டை வீட்டுக்காரன் என்று சலுகை உண்டா? உலகச் சந்தை விலை, கலால் வரி, மாநில வாட் வரி எல்லாம் ஏறித்தான் நம்மிடம் வருகிறது.

குறைகளும் உண்டு. காற்றடிக்கும் இயந்திரம் பாதி நாள் வேலை செய்வதில்லை. மாலையில் கன்டெய்னர் லாரிகள் டீசலுக்கு வாசலை அடைத்து நிற்கும். இரு சக்கர வண்டிக்காரர்கள் காலை ஏழுக்குள் போய்விடுங்கள்.