கிளைகள் சேரும் இடத்தில் சிக்கல்: கமுண்டா 7, ஏர்ஃப்ளோ, ஸ்டெப் ஃபங்ஷன்ஸ்

கமுண்டா, ஏர்ஃப்ளோ, ஸ்டெப் ஃபங்ஷன்ஸ் மூன்றும் பல படிகள் கொண்ட வேலையை ஒழுங்காக ஓட்டும் மென்பொருள்கள். அவற்றில் ஒரே நேரத்தில் ஓடும் பேரலல் கிளைகளில் கோளாறு என்றால் பெரும்பாலும் பிரிகிற இடத்தில் ஒன்றும் இருக்காது. சேர்கிற இடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கமுண்டா 7 வந்த டோக்கன்களை (ஓட்டம் எந்தப் படியில் இருக்கிறது என்று காட்டும் குறிகள்) எண்ணுகிறது. ஏர்ஃப்ளோ முந்தைய டாஸ்க்குகளின் நிலையைக் கேட்கிறது. ஏடபிள்யூஎஸ் ஸ்டெப் ஃபங்ஷன்ஸோ ஒரு கிளை விழுந்தால் மற்றவற்றையும் நிறுத்திவிடுகிறது.

மூன்றில் அதிகம் படுத்துவது கமுண்டாதான், ஏனென்றால் அது சத்தமே போடாது. எக்ஸ்க்ளூசிவ் கேட்வேயில் (ஒரே ஒரு கிளையைத் தேர்ந்தெடுக்கும் சந்தி) பிரித்து பேரலல் கேட்வேயில் (எல்லாக் கிளைகளும் வரும்வரை காத்திருக்கும் சந்தி) சேர்த்தால் ஒரு டோக்கன்தான் வந்து சேரும். இரண்டாவதற்காக ப்ராசஸ் காத்துக்கொண்டே கிடக்கும். எர்ரரும் வராது, இன்சிடென்ட்டும் (கமுண்டா பதிவு செய்யும் கோளாறு) வராது. கமுண்டாவின் கண்காணிப்புத் திரையான காக்பிட்டில் டோக்கன் கேட்வே மேலேயே நிற்கிறதா என்று பாருங்கள். தலைகீழாக, பேரலலில் பிரித்து எக்ஸ்க்ளூசிவில் சேர்த்தால் அடுத்த வேலை இரண்டு முறை ஓடும். வாடிக்கையாளருக்கு ஒரே மெயில் இரண்டு தடவை போகும்.

இன்னொன்று ஆப்டிமிஸ்டிக் லாக்கிங் எக்ஸெப்ஷன், ஒரே தரவை இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் மாற்றப் பார்த்தால் வரும் பிழை. அசின்க் ஜாப்களின் (பின்னணியில் ஓடும் வேலைகள்) எக்ஸ்க்ளூசிவ் குறியை (அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டும் அமைப்பு) எடுத்துவிட்டால் இரண்டு கிளைகள் ஒரே நேரத்தில் சேருமிடத்துக்கு வரும். ஒன்று ரோல்பேக் ஆகி, அதாவது செய்தது ரத்தாகி, மறுபடி ஓடும். இதற்கு ரீட்ரை எண்ணிக்கை குறையாது, அதனால் லாகில் பார்த்துப் பதற வேண்டாம். ஆனால் அதே டிரான்சாக்‌ஷனில் வெளி ஏபிஐ அழைப்பு இருந்தால் அதுவும் மறுபடி போகும், பணம் எடுக்கும் அழைப்பாக இருந்தாலும். சேரும் கேட்வேயில் ‘அசின்க் பிஃபோர்’ வையுங்கள். அதுவரை நடந்தது சேமிக்கப்பட்டுவிடும், ரோல்பேக் அந்த வாசலோடு நின்றுவிடும்.

ஏர்ஃப்ளோவில் நோய் வேறு. ஒரு டாஸ்க் எப்போது தொடங்கலாம் என்று சொல்லும் டிரிகர் ரூல் இயல்பாக ‘ஆல் சக்ஸஸ்’, அதாவது முந்தையவை எல்லாம் தேற வேண்டும். எந்தக் கிளை ஓட வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் பிராஞ்ச் ஆபரேட்டர் ஒரு கிளையை ஸ்கிப் செய்ததும் சேரும் டாஸ்க்கும் இளஞ்சிவப்பாகி ஸ்கிப் ஆகிவிடும். அந்த டாஸ்க்குக்கு ‘நன் ஃபெயில்டு மின் ஒன் சக்ஸஸ்’ (எதுவும் தோற்காமல் ஒன்றாவது தேறினால் போதும்) கொடுங்கள். அவசரத்தில் ‘ஆல் டன்’ (தேறினாலும் தோற்றாலும் எல்லாம் முடிந்தால் போதும்) போடுவதுதான் பலரும் செய்யும் தவறு: நடுவில் ஒரு டாஸ்க் தோற்றாலும், கடைசி டாஸ்க் தேறிவிட்டால் மொத்த ஓட்டமும் பச்சையாகத் தெரியும். ரன்னின் நிலையைத் தீர்மானிப்பவை கடைசி டாஸ்க்குகள்தானே.

ஸ்டெப் ஃபங்ஷன்ஸில் தவறு உடனே தெரியும், அது ஒரு நிம்மதி. ஒரு கிளையின் தோல்வி மற்றவற்றைக் கவிழ்க்கக் கூடாதென்றால், பிழையைப் பிடிக்கும் கேட்சை பேரலல் ஸ்டேட்டின் மேல் அல்ல, ஒவ்வொரு கிளைக்குள்ளும் வைக்க வேண்டும். கிளை நிறுத்தப்பட்டாலும் ஏற்கெனவே தொடங்கிய லாம்டா (ஏடபிள்யூஎஸ்-இல் ஓடும் சிறு நிரல்) முடியும்வரை ஓடும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். எல்லாக் கிளைகளின் வெளியீடும் ஒரே அரேயாகச் சேரும்போது 256 கேபி வரம்பைத் தாண்டினால் ஓட்டம் விழும். பெரிய தரவை ஏடபிள்யூஎஸ் சேமிப்பகமான எஸ்3-இல் போட்டு அதன் கீயை மட்டும் அனுப்புங்கள்.

மனிதர் ஒப்புதலுக்காக நாள்கணக்கில் நிற்கும் வேலைக்கு நாங்கள் இன்னும் கமுண்டாவையே எடுப்போம், சேருமிடத்தில் ஒரு டைமரும் தனியாக எச்சரிக்கையும் வைத்து. இரவு நேர டேட்டா பைப்லைனுக்கு ஏர்ஃப்ளோ போதும். ‘ஒன் ஃபெயில்டு’ ரூலோடு எல்லா டாஸ்க்குக்கும் பின்னால், ஏதாவது ஒன்று தோற்றால் மொத்த ஓட்டத்தையும் தோல்வியாகக் காட்டும் ஒரு வாட்சர் டாஸ்க் மட்டும் மறக்காதீர்கள்.