கவர் பாட்டா, சொந்தப் பாட்டா?

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் பாடத் தொடங்கும் பெடியள் அடிக்கடி கேட்பது: யூடியூப்பில் முதலில் எதைப் போடுவது, கவரா (ஏற்கெனவே வந்த இன்னொருவரின் பாட்டை நாம் பாடிப் போடுவது), சொந்தப் பாட்டா?

செலவு
கவர்: கரோக்கி ட்ராக் (குரல் இல்லாத பின்னணி இசை), மைக், கைபேசி போதும்.
சொந்தம்: இசைக்கோர்ப்பு, ஒலிப்பதிவு, கலவை எல்லாவற்றுக்கும் காசு வேண்டும்.

கேட்க வருவோர்
கவர்: தெரிந்த பாட்டைத் தேடி வருவார்கள்.
சொந்தம்: மெதுவாகத்தான். சொந்தக்காரரே முழுதாகக் கேட்பார்களா தெரியாது!

வருமானம்
இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஒரு பாட்டில் இரண்டு உரிமை உண்டு: வரியும் மெட்டும் ஒன்று, அதன் ஒலிப்பதிவு இன்னொன்று. நீங்கள் புதிதாகப் பாடிப் பதிந்தாலும் முதலாவது உங்களுடையதாகாது. யூடியூப்பின் கன்டென்ட் ஐடி (காணொளிகளில் பிறருக்கு உரிமையுள்ள பாட்டு இருக்கிறதா என்று தானாகத் தேடும் முறை) மெட்டைக் கண்டுபிடித்தால் விளம்பரக் காசு உரிமையாளருக்குப் போகலாம். சில பாட்டுகளுக்குத்தான் பங்கு கிடைக்கும். கரோக்கி ட்ராக்குக்கும் ஒரு உரிமையாளர் இருக்கிறார். கீழே இசையமைப்பாளருக்கு நன்றி எழுதினால் அது அனுமதி ஆகாது.

சொந்தப் பாட்டில் உரிமை, எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் தானாகவே வரும். பதிவு செய்யத் தேவையில்லை. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி அது அவர்களின் ஆயுளுக்கும் அதன்பின் 70 ஆண்டுகளுக்கும் இருக்கும். யாருக்கு எத்தனை பங்கு என்று முதலே எழுதி வையுங்கள். நண்பர்கள் என்றால் கட்டாயம்.

கோயில் திருவிழா, கலியாண வீட்டு மேடைக்கு அழைப்பு வேண்டுமென்றால் கவர் சரி. பாட்டாலேயே உழைக்க நினைத்தால், ஆண்டுக்கு இரண்டு வந்தாலும் சொந்தப் பாட்டுத்தான்.